கூப்பிட்ட பிறகே சுடுகிறோம்

சான் சபா, டெக்சஸ்
ஏப்ரல் 11, வெள்ளிக்கிழமை

அன்புள்ள ராய்ஸுக்கு,

வெர்னா எழுதுவது. நான் நலம். ஆடுகள் பாதி நலம். என் முழங்கால் கொஞ்சமும் நலமில்லை. உனக்கு இருமல் விட்டதா, அங்கே மருந்து தருகிறார்களா என்று எழுது.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. துப்பாக்கியையும் அதன்மேல் இருக்கும் தெர்மல் ஸ்கோப்பையும் உடனே விற்றுவிடச் சொல்லியிருக்கிறாய். அவை வீட்டில் இருந்தால் பரோலில் இந்த வீட்டுக்கு உன்னை விடமாட்டார்கள் என்கிறாய். பரோல் அதிகாரியும் வந்து, அலமாரியைத் திறந்து பார்த்து, அதையேதான் சொல்லிவிட்டுப் போனார். மூன்று முறை படித்து யோசித்த பிறகுதான் பதில் எழுதுகிறேன். விற்க மாட்டேன். உன்னுடையதைக் கோர்ட் எடுத்துக்கொண்டது. இது என்னுடையது.

அதிகாரி மட்டும் காரணம் இல்லை என்று எனக்குத் தெரியும். அந்த ஸ்கோப்பில் உடம்புச் சூடு வெள்ளையாகத் தெரியும், முகம் தெரியாது. பக்கத்து நிலத்து லாசரோ தன் தண்ணீர்க் குழாய் உடைந்ததென்று ராத்திரியில் வந்து மண்டியிட்டுக் கட்டுப்போட்டுக்கொண்டிருந்தான். உனக்கு அது மண்ணைக் கிளறும் பன்றியாகத் தெரிந்தது. சுட்டாய், அவன் செத்துப்போனான். அதே தப்பு என் கையால் நடந்துவிடுமோ என்று நீ பயப்படுகிறாய். நானும்தான் பயப்படுகிறேன், ராய்ஸ். பயந்துகொண்டேதான் சுடுகிறேன்.

சுடாமல் என்ன செய்யச் சொல்கிறாய்? பிப்ரவரியில் இருபத்து மூன்று குட்டிகள் பிறந்தன. மாத முடிவுக்குள் எட்டைக் கயோட்டி நரிகள் தின்றுவிட்டன. ஆற்றோரம் போட்ட ஓட்ஸைப் பன்றிகள் ஒரே ராத்திரியில் உழுதுவிட்டன. டிராக்டர்கூட அவ்வளவு சுத்தமாக உழாது. இன்னும் ஒரு வருடம் இப்படிப் போனால் நீ திரும்பி வர வீடு இருக்கும், நிலம் இருக்காது.

உன் தம்பி கார்லண்ட் உதவிக்கு வந்தான். "அண்ணி, பொம்பளைக்கு எதுக்கு ராத்திரி வேலை? படுத்துத் தூங்குங்க, நான் பாத்துக்கறேன்" என்றான். இரண்டு ராத்திரி பார்த்துக்கொண்டான். மூன்றாம் நாள் பேஸ்பால் ஆட்டம் பார்க்கப் போய்விட்டான். அதற்குப் பிறகுதான் நானே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

இப்போது நான் சொல்லப்போவதை உட்கார்ந்து படி. மார்ச் முதல் வாரம் ஒஃபீலியா நம் வாசல் கேட்டில் வந்து நின்றாள். தீர்ப்பு நாளுக்குப் பிறகு லாசரோவின் மனைவி என் முகத்தைப் பார்த்தது அன்றைக்குத்தான். உள்ளே வா என்றேன், வரவில்லை. "உன் மூஞ்சியப் பாக்க எனக்குப் பிடிக்கல, வெர்னா. ஆனா என் ஆடும் சாவுது" என்றாள். பதினாறு குட்டிகளில் ஒன்பது போய்விட்டதாம். தன் நிலத்திலும் நான் சுடலாம், ஆனால் தானும் கூட வருவேன், தான் சொன்ன பிறகுதான் விரல் விசைக்குப் போகவேண்டும் என்றாள். பிறகு இன்னொன்றும் சொன்னாள். "சுடறதுக்கு முன்னாடி வாய்விட்டுக் கூப்பிடணும். பன்னின்னா ஓடும், நரின்னா ஓடும். மனுசன்னா பதில் சொல்லுவான்."

நீ சிரிப்பாய் என்று தெரியும். சத்தம் போட்டுவிட்டு வேட்டையாடுகிறவர்கள் இந்த மாகாணத்திலேயே நாங்கள் இரண்டு பேராகத்தான் இருப்போம். தீவனக் கடைக்காரன், "என்ன வெர்னா, நேத்து பன்னிங்களை விருந்துக்குக் கூப்பிட்டியாமே?" என்று எல்லார் முன்னாலும் கேட்டான். "கூப்பிட்டேன். உன் சொந்தக்காரங்க எல்லாரும் வந்தாங்க, உன்னைத்தான் காணோம்" என்று சொல்லிவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். கார்லண்ட் அங்கேதான் நின்று சிரித்துக்கொண்டிருந்தான்.

முதல் பத்து நாள் ஒன்றும் விழவில்லை என்பது உண்மைதான். அவள் கையில் பிடிக்கும் தெர்மல் தொலைநோக்கியில் பார்த்துச் சொல்வாள், கூப்பிடுவாள், மொத்தக் கூட்டமும் புதருக்குள் பறந்துவிடும். அதனால் ஓடுகிற பன்றியைச் சுடக் கற்றுக்கொண்டேன். எங்கே நின்றால் எந்தப் பக்கம் ஓடும் என்று இரண்டு பேரும் பகலில் நடந்து பார்த்து வைத்துக்கொண்டோம். இதுவரை பதினொரு பன்றிகள், நான்கு நரிகள். இந்த மூன்று வாரமாக ஒரு குட்டியும் போகவில்லை. முப்பது வருடம் வேட்டையாடிய நீ, நிற்கிற பன்றியைத்தான் சுட்டாய்.

என்னவென்று கூப்பிடுகிறாள் என்று நீ கேட்க மாட்டாய், நானே சொல்கிறேன். லாசரோ என்றுதான் கூப்பிடுகிறாள். முதல் நாள் அது காதில் விழுந்ததும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டேன். நான் எடுக்கும்வரை அவள் காத்திருந்தாள்.

போன சனிக்கிழமை ஓட்ஸ் வயலின் மூலையில் ஒரு வெள்ளை உருவம், குனிந்து, மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. ஒற்றைக் கிழட்டு ஆண் பன்றி என்று நான் அடித்துச் சொல்லியிருப்பேன். ஒஃபீலியாவும் பன்றி என்றாள். துப்பாக்கியைத் தோளில் வைத்துவிட்டேன். அவள் கூப்பிட்டாள். உருவம் ஓடவில்லை. மறுபடி கூப்பிட்டாள். "சுட்டுராதீங்க அண்ணி, நான்தான், கார்லண்ட்" என்று அழுகிற குரல் வந்தது. எங்களை முந்திப் பன்றி பிடித்துக் காட்டவேண்டுமென்று, சொல்லாமல் கொள்ளாமல் வந்து பொறி புதைத்துக்கொண்டிருந்திருக்கிறான். அவன் ஓட்ஸிலேயே உட்கார்ந்துவிட்டான். நான் துப்பாக்கியிலிருந்து குண்டை எடுத்துவிட்டேன். இப்போது கடையில் யாராவது எங்களைக் கேலி செய்தால் அவன் வெளியே போய்விடுகிறான்.

ஒஃபீலியா வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் வீட்டுக்கு ஓட்டினேன். உன் கடிதம் அப்போது வரவில்லை, ஆனால் அதிகாரி வந்து போனதை அவளிடம் சொல்லியிருந்தேன். இறங்கும்போது சொன்னாள். "துப்பாக்கிய என் வீட்டுல வையி. சாயந்திரம் வந்து எடுத்துக்க, விடியறப்பக் கொண்டாந்து குடு. பெட்டிச் சாவி என்கிட்டயே இருக்கட்டும்." நான் நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். "மன்னிச்சுட்டேன்னு அவனுக்கு எழுதிடாதே. மன்னிக்கல. ஆடு பொழைக்கணும், அவ்வளவுதான்" என்றாள். அவள் சொன்னபடியே எழுதிவிட்டேன்.

அதனால் இனி நம் வீட்டில் துப்பாக்கி இல்லை. அதிகாரி எப்போது வேண்டுமானாலும் வந்து தேடட்டும். ராத்திரியில் நான் போவேன், நீ வீட்டில் இருப்பாய். அது உனக்குக் கஷ்டமாக இருக்கும். இருக்கட்டும், முப்பது வருடம் எனக்கும் இருந்தது. இதில் உன் யோசனையை நான் கேட்கவில்லை.

இத்துடன் அதிகாரி கொடுத்த படிவத்தை வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் நிரப்பிவிட்டேன், ஒரே ஒரு வரியைத் தவிர. ஆயுதம் இனி யார் பொறுப்பில் இருக்கும் என்று கேட்டிருக்கிறது. இந்த இரண்டு வருடத்தில் உன் ஒரு கடிதத்திலும் லாசரோவின் பெயர் வரவில்லை, ராய்ஸ். ஒஃபீலியா இபார்ரா, லாசரோ இபார்ராவின் மனைவி என்று உன் கையால் எழுது. எழுதிவிட்டு வீட்டுக்கு வா. அதற்கு ஆண்டவர் உன் கைக்குத் தெம்பு தரட்டும்.

உன்னை விடாத மனைவி,
வெர்னா