லாஞ்சிக் கார்

11 மார்ச் 2002, திங்கள்

இன்று கோழிகளைக் காரிலிருந்து இறக்கினோம். இலேசில் இறங்கவில்லை. கறுத்தப் பேடு ஸ்டியரிங்குக்குக் கீழே ஒடுங்கியிருந்து என் கையைக் கொத்திவிட்டது. தொண்ணூறாம் ஆண்டிலிருந்து அதுகளின் பரம்பரைக்கு அதுதானே வீடு.

கிண்ணியா அன்ஸார் லொறியில் வந்து நாலு சில்லுகளையும் முற்றத்தில் உருட்டிவிட்டான். அவனுடைய வாப்பா ஸைனுலாப்தீன் தொண்ணூறில் கழற்றிக்கொண்டு போனவை. கழற்றச் சொன்னது நான்தான். சில்லு இல்லாத காரை ஆமியும் கேட்காது, இயக்கப் பெடியளும் கேட்க மாட்டார்கள். என் மனுஷன் தவராசா அப்போது செத்து மூன்று வருஷம். அவர் கையால் துடைத்த காரைக் கண்டவனுக்கும் கொடுக்க எனக்கு மனமில்லை.

அன்ஸார் சொன்னான்: “ஆச்சி, வாப்பா மௌத்தாகக்குள்ள இதைத்தான் சொன்னவர். சில்லு நாலும் அமானிதம், பாதை திறந்தா கொண்டுபோய்க் குடு எண்டு.”

சமாதானம் என்கிறார்கள். பாதை திறந்துவிட்டது. சில்லும் வந்துவிட்டது. காரையும் தானே திருத்தித் தருவதாகச் சொல்கிறான். பார்ப்போம்.

14 மார்ச்

கறுத்தப் பேடு இன்றைக்கும் போய்ப் பின் சீட்டில்தான் முட்டையிட்டிருக்கிறது.

7 ஏப்ரல், ஞாயிறு

கதவு ரப்பரை உரித்தபோது அடியில் பழைய நிறம் இருந்தது. மழைக்கு இருட்டிக்கொண்டு வரும்போது கடல் இருக்குமே, அந்த நீலம். அன்ஸார் அதையே அடிக்கப்போகிறானாம். இந்தக் கார் ஆர் ஆரிடம் இருந்தது என்று கேட்டான். கேட்டவனைக் கதிரையில் இருத்திச் சொன்னேன்.

முதலில் வெதர்பி துரை. கப்பற்படைக்காரர், வெயிலில் வெந்த முகம். மால்டாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்தார். இத்தாலிக் கார், பெயர் லான்சியா. இரண்டே கதவு, முதுகு பாரை மீன் மாதிரி வழிந்து இறங்கும். ஊர்விட்டு ஊர் தூரம் ஓடவென்றே செய்த கார் என்பார் என் மனுஷன். ஐம்பத்தேழில் இங்கிலீசுக்காரர் திருகோணமலையை விட்டுப் போகும்போது, துரையின் கதிரை மேசையோடு காரையும் வெளியில் வைத்து ஏலம் விட்டார்கள். இவர் அப்போது துறைமுகக் கந்தோரில் கிளார்க். அதை எடுக்க விற்ற என் காப்பு இரண்டும் அந்தச் சில்லுகளாய்ப் போயின. கடைசிவரை எதிர்த்து விலை கேட்டவன் கனகரத்தினம். இவருடைய சித்தப்பா மகன், கந்தோரிலும் பக்கத்து மேசை. கேட்டுத் தோற்றான்.

ஒழுங்கைப் பிள்ளைகளுக்கு லான்சியா வாயில் வராது. மூதூருக்குப் போகிற லாஞ்சிப் படகுதான் தெரியும். லாஞ்சிக் கார், லாஞ்சிக் கார் என்று பின்னால் ஓடுவார்கள். இவருக்கு அது நல்ல சந்தோஷம்.

அடுத்த தை மாதம் என் தங்கச்சியின் கல்யாணம். பந்தியில் பாயாசத்தைக் கையால் வழித்தபடி கனகரத்தினம் சொன்னான்: “லாஞ்சியோ? கிளாக்கருக்கு வெள்ளைக்காரன்ர கார் சும்மா வருமோ? அது லஞ்சக் கார்.” பந்தி முழுக்கச் சிரித்தது. ஆர் ஆர் சிரித்தது என்று இன்றைக்கும் இலை வரிசைப்படி சொல்லுவேன். பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

ஏலத்தில் பக்கத்தில் நின்றவன். எப்படி வந்தது என்று அவனை விட ஆருக்குத் தெரியும்?

அந்தப் பெயர் ஒட்டிவிட்டது. அதற்குப் பிறகு இவர் ஒரு நாளும் கந்தோர் வாசலுக்குக் காரைக் கொண்டுபோகவில்லை. மீன் சந்தையடியில் நிறுத்திவிட்டு நடந்து போவார். மாரி மழையிலும் நடைதான். பென்சன் எடுக்கும்வரை அப்படித்தான்.

கனகரத்தினத்தோடு நான் அந்தப் பந்தியோடு கதைப்பதை விட்டேன். இவரின் செத்தவீட்டுக்கு வந்து நின்றான். முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தேன்.

2 ஜூன்

இஞ்சின் பிடித்துவிட்டது. முதலில் இருமல், பிறகு ஒரு புகை, பிறகு சீரான சத்தம். மகள் குணேஸ்வரி குசினியிலிருந்து அகப்பையோடு ஓடிவந்தாள். ஒழுங்கை முடக்கில் சென்றியில் நின்ற ஆமிப் பெடியனும் சத்தம் கேட்டு வந்துவிட்டான். காரைக் கேட்கப்போகிறானோ என்று நினைத்தேன். அவன் துவக்கை முதுகில் தள்ளிவிட்டு, உள்ளங்கையால் காரைத் தடவிப் பார்த்து, “ஹொந்தய், ஆச்சி” என்றான் சிங்களத்தில், நல்லாயிருக்காம். ஆச்சி என்ற சொல் அவர்களுக்கும் இருக்கிறது.

20 ஜூலை, சனி

கொழும்புப் பழைய கார்ச் சங்கத்து ஐயா வந்தார். புரட்டாதியில் பழைய கார்கள் எல்லாம் கொழும்பிலிருந்து இங்கே ஊர்வலமாக வரப்போகின்றனவாம். எங்கள் காரையும் கடற்கரையில் சேர்த்து நிறுத்தலாமாம். ஒவ்வொரு காரும் ஆர் ஆர் கையில் இருந்தது என்று ஒலிபெருக்கியில் வாசிப்பார்களாம். குணேஸ்வரி இங்கிலீசில் கேட்டுக் கேட்டு எனக்குச் சொன்னாள்.

எல்லாம் நல்லாய்த்தான் போனது. பிறகு அந்த ஐயா இழுத்தார். சந்தித் தேத்தண்ணிக் கடையில் வழி கேட்டிருக்கிறார். “லஞ்சக் காரோ? அந்த ஒழுங்கைக்குள்ள” என்றார்களாம். அர்த்தத்தையும் விசாரித்துக்கொண்டுதான் வந்திருக்கிறார். அதனால் வெதர்பி பெயருக்குப் பிறகு ‘உள்ளூர்வாசி ஒருவர்’ என்று மட்டும் வாசிக்கலாம் என்றார். பெயரை வாசிக்க வேண்டுமென்றால், ஏலத்தில் நின்ற ஆராவது வந்து சொல்லவேணுமாம். பெண்சாதி சொன்னால் போதாதாம்.

21 ஜூலை

உள்ளூர்வாசி ஒருவர். அந்த மனுஷனுக்குப் பேர் இல்லையோ? தாய் தகப்பன் வைச்ச பேர் இல்லையோ? மழையில நனைஞ்சு நடந்தது காணாதெண்டு, இப்ப பேரும் இல்லாமப் போகட்டாம்.

ஏலத்தில் நின்றவர்களில் இப்போது ஆர் இருக்கினம் என்று குணேஸ்வரி கேட்டாள். எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். கடைசியில் அவள்தான், ஒருக்கால் போய்க் கேட்டால் என்னம்மா என்றாள்.

ஏலாது. ஏலாதெண்டா ஏலாது.

11 ஆகஸ்ட், ஞாயிறு

போனேன்.

காரிலேயே போனேன், அன்ஸார் ஓட்டினான். புது நீலம் வெயிலில் மினுங்க, சாம்பல்தீவு வரை சனம் திரும்பித் திரும்பிப் பார்த்தது. அங்கே கனகரத்தினத்தின் படலைக்கு முன்னால் நிறுத்தி ஹோன் அடிக்கச் சொன்னேன். நான் இறங்கவில்லை.

பொல்லு ஊன்றிக்கொண்டு வந்தான். நல்லாய்க் கூனிவிட்டான். என்னைப் பார்க்க முதல் காரைத்தான் பார்த்தான். அதே நிறம் என்றான்.

முந்தி அவனை நீங்கள் என்றுதான் சொல்லுவேன். இன்றைக்கு ஒரு படி இறக்கி நீர் போட்டேன். “நீர் ஏலத்தில நிண்டனீர். உமக்கு மேலால கேட்டுத்தான் அவர் எடுத்தவர். அதைக் கொழும்பு ஐயாவுக்குச் சொல்லும்.”

பொல்லை மண்ணில் குத்தினான். “சொன்னா, நான் தோத்த எரிச்சலிலதான் கதை கட்டினனான் எண்டு ஊர் அறியுமெல்லோ, மச்சாள்.”

“அறியட்டும்.”

படலையைச் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டான்.

12 ஆகஸ்ட்

படலையைச் சாத்தினவன். இதையும் ஞாபகத்தில் வைத்திருப்பேன்.

22 செப்டெம்பர், ஞாயிறு

கடற்கரை முழுக்கக் கார். வட்ட விளக்குக்காரி, தோல் கூரைக்காரி, நடக்க ஏலாமல் தள்ளிக்கொண்டு வந்ததும் ஒன்று. எங்கள் நீலம்தான் ஆக அழகு. இதை நான் சொல்லவில்லை, கச்சான் கடலை விற்கிறவள் சொன்னாள்.

எங்கள் முறை கடைசி. காதைப் பொத்திக்கொள்வோம் என்றுதான் இருந்தேன். அப்போது நிலாவெளி பஸ்ஸிலிருந்து கனகரத்தினம் இறங்கினான். வெள்ளை வேட்டி, மடிப்புக் கலையாத பழைய கோட்டு. எங்கள் பக்கம் பார்க்கவில்லை. நேரே கொழும்பு ஐயாவிடம் போய்ப் பொல்லால் காரைக் காட்டிக் காட்டி இங்கிலீசில் கனநேரம் கதைத்தான்.

பிறகு ஒலிபெருக்கியில் கேட்டது:

“முதல் உரிமையாளர் வெதர்பி. அடுத்து, பகிரங்க ஏலத்தில் ஆகக் கூடக் கேட்டு எடுத்தவர் திருவாளர் தவராசா, துறைமுகக் கந்தோர். அதே ஏலத்தில் கடைசிவரை கேட்டுத் தோற்றவர் திருவாளர் கனகரத்தினம். இன்றைய உரிமையாளர் திருமதி தங்கரத்தினம் தவராசா.”

தோற்றவன் பெயரை ஆர் போடச் சொன்னது? குணேஸ்வரி போய்க் கேட்டுவிட்டு வந்தாள். “அவரேதானாம், அம்மா. அதையும் வாசிச்சாத்தான் சனம் நம்பும் எண்டவராம்.”

கோழிகளைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். பரவாயில்லை.

பொழுதுபடக் கார்கள் கலையும்போது அவன் எங்கள் பக்கம் வந்தான். “மச்சாள், பஸ் போயிட்டுது. லாஞ்சியில என்னை வீட்டை விடுவீங்களோ?”

லாஞ்சி என்றான். வாயை நல்லாய்த் திறந்து, நீட்டி. எனக்குக் காது இன்னும் கேட்கிறது.

“பின் சீட்டில ஏறும்” என்றேன். கறுத்தப் பேடு முட்டையிட்ட இடம். பொல்லையும் முழங்காலையும் மடக்கி ஒரு மாதிரி நுழைந்தான். கோட்டில் ஒரு சிறகு ஒட்டியது. நான் சொல்லவில்லை.

அன்ஸார் வடக்கே திருப்பப் பார்த்தான். துறைமுகப் பக்கம் போகச் சொன்னேன். சாம்பல்தீவுக்கு அது வழி இல்லை. கனகரத்தினத்துக்கும் அது தெரியும். பொல்லை மடியில் வைத்துக்கொண்டான்.

மீன் சந்தையடி வந்ததும் நிறுத்தவோ என்று அன்ஸார் கேட்டான். நேரே போ, கந்தோர் வாசல் வரை போ, அங்கே கொஞ்சம் மெல்ல ஓட்டு என்றேன்.