ரோட்டுக்கு இந்தப் பக்கம்

14 ஜூன் 2023, கழக்கூட்டம்

விடியும் முன்பே மழை. மகள் பல்கீஸைக் கூட்டிக்கொண்டு ஹைவேயைத் தாண்டி மதரஸாவில் விடுவதற்குள் இரண்டு பேரும் முக்கால்வாசி நனைந்துவிட்டோம். லாரிக்காரன் அடித்த சேறு என் புர்காவில் பாதி, அவள் பையில் பாதி. அப்படியே ஹாஸ்டல் சமையலுக்கு ஓடினேன்.

சாயங்காலம் ஜமாஅத்திலிருந்து பிடி அரிசி வாங்க வந்தார்கள். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வைக்கிறோம். வாரம் ஒருமுறை அதை வாங்கிப் போய் விற்று, ரோட்டுக்கு இந்தப் பக்கம் பள்ளிவாசலும் மதரஸாவும் கட்டச் சேர்க்கிறார்கள். கொத்தனார் வேலைக்கும் ஹோட்டல் வேலைக்கும் இந்த மலையாள ஊருக்கு வந்த கடையநல்லூர்க்காரர்கள் வேறு எப்படிக் கொடுப்பது?

பக்கத்து வீட்டு ஜெபமலரும் ஒரு டப்பா அரிசியைக் கொண்டுவந்து கொட்டினாள். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற மார்த்தாண்டத்துக்காரி. உனக்கெதுக்குடி இது என்றேன். “பிள்ளையளு அந்த ரோட்டத் தாண்டாண்டாம்க்கா. அதுக்குத்தான்” என்றாள்.

2 ஜூலை

மனை வாங்கியாகிவிட்டது. ஆனால் குடியிருப்போர் சங்கம் கலெக்டர் ஆபீசில் புகார் கொடுத்திருக்கிறது. சங்கத்துச் செக்ரட்டரி ஸ்ரீநிவாஸ் சார் ரிட்டயரான பேங்க் ஆபீசர், கோட்டைப் பக்கத்து அக்ரஹாரத்தில் பிறந்தவர். எங்களிடம் தமிழில்தான் பேசுவார். “நேக்கு ஒரு விரோதமும் கெடையாதும்மா. பார்க்கிங்தான் ப்ராப்ளம். கார்த்தால சத்தம் வேற இருக்கும்” என்றார்.

இதே தெருவில் கல்யாண மண்டபம் வந்தபோது எங்கே போயிற்று உங்கள் பார்க்கிங்? கேட்டிருக்கலாம். வீட்டுக்கு வந்து அடுப்பிடம் கேட்டேன்.

19 ஆகஸ்ட்

அனுமதி வரவில்லை. பானை மட்டும் நிறைகிறது.

11 செப்டம்பர்

பல்கீஸ். யா அல்லா.

13 செப்டம்பர்

மெடிக்கல் காலேஜ் வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதாவிட்டால் கத்திவிடுவேன்.

அன்றைக்கு எனக்குச் சீக்கிரம் வேலை. மற்ற பிள்ளைகளோடு அனுப்பினேன். பத்து வயசாச்சே, தாண்டிருவான்னு நெனச்சேன். மத்த பிள்ளைங்கல்லாம் தாண்டிருச்சு.

உயிர் இருக்கிறது. இடுப்புக்குக் கீழே கிள்ளினாலும் தெரியவில்லை. டாக்டர் மலையாளத்தில் நிறையச் சொன்னார். என் வீட்டுக்காரர் பிச்சைக்கனி அதில் ‘நோக்காம்’ என்ற ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். “பாக்கலாம்னுதான சொல்லுதாரு. முடியாதுன்னு சொல்லலல்லா.” வருகிறவர்களிடமெல்லாம் இதையே சொல்கிறார்.

8 அக்டோபர்

ஸ்ரீநிவாஸ் சார் ஆரஞ்சுப் பழத்தோடு வீட்டுக்கு வந்தார். கட்டிலருகில் நின்றவர் அழுதுவிட்டார். “புகார வாபஸ் வாங்கிண்டாச்சும்மா. நானே நேர்ல போய்ச் சொல்லிட்டு வந்தேன்.”

டீ போட்டுக் கொடுத்தேன். நல்ல மனுஷர்தான், அதுதான் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. இந்தக் கண்ணீர் ஜூலையில வந்திருக்கக் கூடாதா? எம்பிள்ள ரெண்டு காலையும் குடுத்துத்தான் ஒங்களுக்கு வெளங்கணுமா?

4 பிப்ரவரி 2024

அஸ்திவாரம் போட்டார்கள். ஜெபமலரின் சர்ச்சிலிருந்து சிமெண்ட் மூட்டைகள் வந்தன. சங்கத்து ஆட்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஜல்லி சுமந்தார்கள். கூட்டத்தில் “பல்கீஸோட அம்மா” என்று எனக்கு வழி விட்டார்கள். சந்தோஷப்பட வேண்டிய நாள். வீட்டில் அவளுக்குத் துணி மாற்ற நேரமாகிறதே என்றுதான் நின்றேன்.

12 மே

தொழ வருகிறவர்களில் முட்டி வலிக்காரர்கள் அதிகம். அதனால் தொழுகைக் கூடம் கீழே, மதரஸா மாடியில். மாடிப்படி கட்டுவது இவர். கூலி வேண்டாம், என் பங்கு என்று சொல்லிவிட்டார்.

ஜமாஅத் தலைவர் வீட்டுக்கே வந்து கேட்டார். “பிச்சைக்கனி, பிள்ளைக்குன்னு கீழயே ஒரு கிளாஸ் ரூம் எடுத்திருவோமா? ஹாலைக் கொஞ்சம் குறைச்சாப் போதும்.”

“வேண்டாம் தலைவரே. கட்டி முடிக்கதுக்குள்ள அவ நடந்திருவா. இப்பவே கீழ ரூம் எடுத்தா, அல்லாட்ட கேட்டத வேண்டாம்னு நாமளே திருப்பிக் குடுத்த மாதிரி ஆயிரும்.”

தலைவர் ஆமீன் என்றார். நானும் சொன்னேன். ஜெபமலர் மட்டும் கதவைப் பிடித்துக்கொண்டு பல்கீஸின் காலையே பார்த்தாள். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது.

30 அக்டோபர்

நடை பழக்கும் பெண் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். நாற்காலி வண்டியை ஓட்டக் கற்றுக்கொடுங்கள் என்கிறாள். இவரிடம் எப்படிச் சொல்வது? படிக்கு மொசைக் பாலிஷ் போட்டுக்கொண்டிருக்கிறார்.

9 பிப்ரவரி 2025

திறப்பு விழா. பேசியவர்கள் எல்லோரும் பல்கீஸ் பெயரைச் சொன்னார்கள். நாலு ஆண்கள் அவளை வண்டியோடு தூக்கி மாடிக்குக் கொண்டுபோனார்கள், போட்டோ எடுத்தார்கள். அவள் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். இவர் கீழ்ப்படியில் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார். நல்ல வழவழப்பான படி. எல்லோரும் பாராட்டினார்கள்.

இரவு இவர் சாப்பிடவில்லை. நானும் சாப்பிடுங்கள் என்று சொல்லவில்லை.

12 பிப்ரவரி

தினமும் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போகிறேன் என்று இவர் கெஞ்சினார். “எல்லாரும் பாக்காங்க அத்தா” என்று இவரிடம் சொல்கிறாள். பதினொன்று முடிந்துவிட்டது, அவளுக்கும் கூச்சம் இருக்காதா?

கீழே கூடத்தில் வைத்துத் தனியாக ஓதிக்கொடுக்கிறேன் என்று உஸ்தாத் சொன்னார். அதற்கும் மாட்டேன் என்றாள். “மேல எல்லாரும் சேந்து ஓதுற சத்தம் கேக்கும். நான் மட்டும் கீழ இருக்கணுமா? அம்மா, பழைய மதரஸாவுல எல்லாருமே கீழதான?”

இவர் எழுந்து வெளியே போனார்.

17 பிப்ரவரி

பழைய மதரஸாவில் சேர்த்துவிட்டோம். அங்கே வாசல்படிகூடக் கிடையாது.

ஹைவேயில் இவர் முன்னால் நடந்து, இரண்டு கையையும் விரித்து லாரிகளை நிறுத்தினார். நான் வண்டியைத் தள்ளினேன். நடு ரோட்டுக்கு வந்ததும் பல்கீஸ் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, எதையோ ஓதிக்கொண்டே வந்தாள்.

திரும்பி வரும்போது எங்கள் புது மதரஸா மாடியில் மற்ற பிள்ளைகள் ஓதுவது கேட்டது. பிடி அரிசிப் பானையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். நாளைக்கும் தாண்ட வேண்டும்.