குங்குமம் வைத்த அலுமினியம்

அக்டோபர் 8

காலையிலேயே என் லேத் பட்டறைக்கு ஜசுபென் வந்துவிட்டார். என் மனைவி ரஞ்சனின் அக்கா. எனக்கு இலவசமாகக் கிடைத்த இரண்டாவது மாமியார். லாரி இடித்து ஒரு கால் போனதிலிருந்து நவராத்திரி முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து கைதட்டுகிறார். ராஜ்கோட்டில் அவரைப்போலக் கர்பா ஆட ஆள் கிடையாது, ஒரு காலத்தில். செயற்கைக்கால் செய்யும் ஃபிரோஸ் புது முழங்காலுக்கு வரைபடம் கொடுத்திருக்கிறான்.

"சரத் பூனம் பௌர்ணமிக்கு நான் ஆடணும், வினுகுமார். அங்க குவிஞ்சு கிடக்குற அலுமினியத்துல செஞ்சிடுங்க."

"அது 6061 ரகம், ஜசுபென். நல்ல பிள்ளை. வெல்டிங் வச்சா ஒட்டும், வேர்வை பட்டாலும் அரிக்காது. மேல்மூடிக்கு அது போதும். பாரம் தாங்குற கட்டைக்கு 7075தான். ஒட்டாது, வளையாது, வேர்வை பட்டா மூஞ்சிய சுளிக்கும். ஆனா தாங்கும்."

"நம்ம ரஞ்சன் மாதிரியா?"

"நான் சொல்லல, நீங்கதான் சொன்னீங்க. அதோட உங்க எடைக்கு—"

முட்டியில் கைத்தடியால் ஒரு அடி. இன்னும் வலிக்கிறது.

அக்டோபர் 10

7075 வந்தது. அறுத்து, துண்டுகளின் தலையில் சிவப்பு மை வைத்து அலமாரியில் அடுக்கினேன். பக்கத்திலேயே வேறொரு வேலைக்காக அதே அளவில் அறுத்த 6061. அதற்கு மை கிடையாது. சிவப்பு என்றால் 7075, அவ்வளவுதான்.

அக்டோபர் 12

தசரா. எந்திரங்களுக்கு ஓய்வு, வயிற்றுக்குக் கடலைமாவு ஃபாஃப்டா, ஜிலேபி. லேத்துக்கு மாலை போட்டோம். குங்குமம் உதிர்கிறதே என்று எண்ணெயில் குழைத்தேன். அளவுகோல், ஸ்பேனர், துடைப்பம் எல்லாவற்றுக்கும் பொட்டு. ஒன்றும் மனம் நோகக்கூடாது பாருங்கள். அலமாரியிலிருந்த அலுமினியத்துக்கும் ஆளுக்கொன்று.

அக்டோபர் 13

ஐயோ, எல்லாத் தலையும் சிவப்பு!

சரி, குங்குமத்தை மட்டும் எடுப்போம் என்று தின்னரில் துடைத்தேன். மையும் சேர்ந்து போய்விட்டது. இப்போது எல்லாம் ஒரே வெள்ளை. எனக்கு எதற்கு இந்தப் புத்தி?

ரஞ்சன் வந்து பார்த்தாள். "உங்க பக்திக்கு சாதி பேதமே கிடையாதுங்க."

எது கடினம் என்று அரம் போட்டுப் பார்த்தேன். ஒன்று கொஞ்சம் முறைக்கிற மாதிரி இருந்தது. மாதிரி! மாதிரியை நம்பி அக்காவைத் தூக்கி நிறுத்த முடியுமா? ஆடும்போது கட்டை நெளிந்தால்? மறுபடி வாங்கலாம் என்றால் சரக்குக்காரர் கடையைப் பூட்டிக்கொண்டு துவாரகை போயிருக்கிறார். சிரிப்பே வரவில்லை இன்றைக்கு.

அக்டோபர் 14

காலையில் லவ்ஜியின் ஃபாஃப்டா கடையில் நின்றபோது தராசைப் பார்த்தேன். அட, 75 எடை கூடின ஜாதி அல்லவா! ஒரே அளவுத் துண்டு, நிறுத்தால் தெரிந்துவிடுமே. ஓடிப்போய் சாக்கில் எல்லாவற்றையும் அள்ளி வந்தேன். வரிசையில் நின்றவர்கள் திட்டினார்கள்.

"வினுபாய், இதுக்குத் தொட்டுக்கப் பப்பாளித் துருவல் வைக்கட்டுமா, பொரிச்ச மிளகாயா?" என்றான் லவ்ஜி.

ஒவ்வொன்றாக வைத்தோம். தராசு இரண்டே எண்ணைத்தான் மாற்றி மாற்றிக் காட்டியது. கனத்ததெல்லாம் ஒரு பக்கம், லேசானதெல்லாம் ஒரு பக்கம். நடுவில் சந்தேகத்துக்கு ஒன்றுகூட இல்லை. லவ்ஜியைக் கட்டிக்கொண்டேன். சட்டையெல்லாம் கடலை மாவு.

அக்டோபர் 15

கட்டை கடைந்தாயிற்று. ஃபிரோஸ் பொருத்திவிட்டான். நான் சொல்வதற்குள் ரஞ்சன் அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

ஜசுபென் கைத்தடியைக் கையில் எடுத்தார். நான் செருப்பைத் தேட ஆரம்பித்தேன்.

"அந்தத் தராசு மேல அவ்வளவு நம்பிக்கைன்னா, நாளைக்கு என் பக்கத்துல நீங்களும் ஆடணும். விழுந்தா பிடிக்க ஆள் வேணும்."

நானா? கர்பாவா? ஓரத்தில் உட்கார்ந்து ஆடுகிறவர்களைக் கேலி செய்வதல்லவா என் தொழில்!

அக்டோபர் 17

நேற்று சரத் பூனம். மூன்றாவது சுற்றிலேயே நாற்காலிக்குப் போனது நான்தான். யாரும் விழவில்லை, நான் தப்பாகத் திரும்பி ஜசுபென்னின் புதுக்காலுக்கடியில் என் காலைக் கொடுத்துவிட்டேன். கட்டைவிரல் கத்தரிக்காயாகிவிட்டது.

ஆட்டம் முடிந்து கிண்ணத்தில் பால் அவல் கொண்டு வந்து கொடுத்தார் ஜசுபென். கைத்தடி இல்லாமல்.

"மிதிச்சது 61ஆ 75ஆ?" என்று கேட்டேன்.

"லவ்ஜி தராசுல விரலை வச்சுப் பாருங்க, வினுகுமார்" என்று சொல்லிவிட்டு மறுபடி ஆடப் போய்விட்டார்.