கறுப்புச் சட்டையின் ஊதா

லிங்கநகர்,
திருகோணமலை.
03.01.2007

அன்புள்ள இராசமலருக்கு,

"கறுப்பு எப்பிடி டீச்சர் ஊதாவாகும்?" என்று கேட்டுவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டாய். அன்றைக்கு எனக்குப் பதில் தெரியாது. இப்போது கொஞ்சம் தெரியும்.

இங்கே மழை விட்டுவிட்டது. காலையில் துறைமுகத் தண்ணீர் அசையாமல் கிடக்கிறது; கப்பல்கள் காற்றில் தொங்குவதுபோலத் தெரிகின்றன. உன் பூனை என் குசினி அடுப்போரத்தில்தான் தூங்குகிறது.

படப்பிடிப்பாளர் இக்னேசியஸ் வெருகல் பக்கத்து அகதி முகாமில் எடுத்த படத்தை மறுபடி பார்த்தேன். தோளில் குடத்துடன், முதுகு காட்டி நிற்கும் அந்த மனிதர். நிற்கிற சாய்வு காணாமற்போன உன் கணவர் யோகலிங்கத்தின் சாய்வு என்று நீயே சொன்னாய். பிறகு சட்டை ஊதாவாக இருப்பதைப் பார்த்தாய். ஐயப்பனுக்கு மாலை போட்டவர், விரதம் முடியுமட்டும் கறுப்பைக் கழற்றமாட்டார், இது அவரில்லை என்றாய்.

அவருடைய கறுப்புச் சட்டை தைத்த துணியில் மிச்சம் தையற்காரர் தாஹிரின் கடையில் கிடந்தது. அதையும் என் கறுப்புக் குடையையும் ஒரே வெயிலில் வைத்து, அதே கமராவால் எடுக்கச் சொன்னேன். "என்ர கமராவுக்குச் சோதினை வைக்கிறியளோ டீச்சர், பெயில் விட்டிடாதேங்கோ" என்றார் இக்னேசியஸ். படத்தில் குடை கறுப்பு. துணி ஊதா.

பிறகு அறையை இருட்டாக்கி, கண்ணாடி அரியத்தால் சுவரில் வானவில்லை விழுத்தினேன். சிவப்பு முடிகிற இடத்தில் பென்சில் கோடு போட்டேன். அதே கமராவால் எடுத்த படத்திலோ கோட்டுக்கு அப்பாலும் ஒரு விரலகலம் மங்கிய ஊதா வெளிச்சம். என் கண்ணுக்கு அது வெறும் சுவர். நாய்க்குக் கேட்கிற சில சத்தம் நமக்குக் கேட்பதில்லை அல்லவா? அதுபோல அந்தக் கமரா நாம் காணாத ஒளியையும் கொஞ்சம் காண்கிறது. அந்தத் துணி அந்த ஒளியை விழுங்காமல் திருப்பி அனுப்புகிறது. நெடுநேரம் அந்தச் சுவரைத் தடவிக்கொண்டு நின்றேன்.

அவர்தான் என்று நான் சொல்லவில்லை, பிள்ளை. ஊதா என்பதற்காக அவரில்லை என்று முடிவுகட்டாதே என்கிறேன்.

குடும்பத்தாரின் கடிதம் இல்லாமல் முகாமில் பெயர்ப்பதிவைக் காட்டமாட்டார்களாம். இக்னேசியஸ் சனிக்கிழமை அங்கே போகிறார். இதைக் கொண்டுவரும் தாஹிர் வெள்ளிக்கிழமை திரும்புகிறார். அவரிடம் இரண்டு வரி எழுதிக் கொடு. செவ்வாய்க்கிழமை வெளிநாட்டுக்கு விமானம் ஏறத்தான் போகிறாய், நான் தடுக்கவில்லை. அந்த இரண்டு வரி மட்டும் இங்கே வரட்டும்.

கோணேசர் உங்கள் எல்லோரையும், எங்கே இருந்தாலும், காக்கட்டும்.

அன்புடன்,
பாக்கியரத்தினம்

பி.கு.: எழுதக் கை தயங்கினால், நீ தங்கியிருக்கிற லொட்ஜில் உள்ள ரிவியின் ரிமோட்டை எடுத்து, அதன் நுனியைக் கைத்தொலைபேசிக் கமராவுக்கு நேரே பிடித்து, பொத்தானை அழுத்தியபடி முதலில் நுனியைப் பார், பிறகு திரையைப் பார்; கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் அங்கே ஊதாவாக எரியும்.