கொம்பு ஓணானும் உன் பச்சை நோட்டும்

கிள்ளான்,
ஞாயிறு காலை.

அன்பு மகள் விஷ்ணுப்ரியாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். கோத்தா கினபாலுவில் நீயும் சுகமாக இருக்க வேண்டும். ஓணான் பிடிப்பதெல்லாம் ஒரு படிப்பா என்று சொந்தக்காரர்கள் முன்னால் கேட்டேனே, அன்றிலிருந்து எட்டு மாதமாக நீ என் போனை எடுப்பதில்லை. கடிதத்தையாவது பிரிப்பாய் என்று எழுதுகிறேன்.

போன செவ்வாய், நம் வீட்டுக்குப் பின்னால் முனீஸ்வரர் கோயில் சூலத்தில் ஓர் ஓணான் தொற்றிக்கொண்டிருந்தது. சாதாரண ஓணான் இல்லைலா! கண்ணுக்கு மேலே கொம்பு, பிடரியில் ஊசி ஊசியாக முள். பக்கத்து வீட்டுத் தாயம்மாள் அக்கா, முனியே வந்துவிட்டார் என்று அலறித் தெருவையே கூட்டிவிட்டார். கூண்டு வந்தது, மாலை வந்தது, பாலும் முட்டையும் வந்தன. ஒரு புத்திசாலி சுருட்டு பற்ற வைத்து முன்னால் வைத்தான். அது நான்தான், சிரிக்காதே.

மூன்று நாள் சாமி எதையும் தொடவில்லை. வெயிலில் கண் சொருகிக் கிடந்தது. விரதம் என்றார் அக்கா. செத்துவிடுமோ என்று பயந்து, உன்னைக் கேட்காமல் உன் அலமாரியைத் திறந்தேன். பச்சை நோட்டில் அதே மூஞ்சி, நீ வரைந்தது! கண்ணுக்கு மேல் ஒரு முள், தலைக்குப் பின்னால் ஒன்று, பிடரியில் வரிசை. அறிவியல் பெயர் அகாந்தோசோரா அர்மாட்டாவாம். சொல்லிப் பார்ப்பதற்குள் என் பல் செட் கழன்றுவிட்டது. ஈரக் காட்டு நிழலில் மரத்தண்டில் இருக்கும், எறும்பும் புழுவும் தின்னும், சூடு ஆகாது என்று எழுதியிருந்தாய். நாங்கள் பால் வைத்திருக்கிறோம், அட கடவுளே!

அப்புறம்தான் உறைத்தது. திங்கட்கிழமை உலு லங்காட் மலையடியில் டுரியான் பழம் ஏற்றி வந்த என் லோரியைக் கோயில் பக்கம்தானே நிறுத்தினேன். சாமியைக் கொண்டுவந்ததே நான்தான்!

நேற்று அக்காவையும் ஏற்றிக்கொண்டு காஜாங் தாண்டி அதே மலையடிக்குப் போய், ஓடையோரக் காட்டில் கூண்டைத் திறந்தேன். ஒரே தாவல்! மரத்தில் ஒட்டிக்கொண்டு ஓர் எறும்பைக் கவ்வியது பார், அக்கா குலவை போட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

நான் பேசியது தப்புதான்மா. உன் படிப்புதான் அந்த உயிரைக் காப்பாற்றியது.

அந்தப் பக்கத்தின் அடியில், இதை இன்னும் நேரில் பார்க்கவில்லை என்று பென்சிலில் எழுதியிருக்கிறாய். எந்த மரம் என்று எனக்குத் தெரியும். என் சிவப்புத் துண்டைக் கட்டிவிட்டு வந்திருக்கிறேன். தீபாவளி லீவுக்கு வா மகளே, லோரியைக் கழுவி வைக்கிறேன்.

முனீஸ்வரர் துணை உனக்கு எப்போதும் இருக்கட்டும்.

உன் அப்பா,
வேலாயுதம்