துரைக்கு ஒடித்த ஆலங்குழை

1942, ஆவணி 14

இன்று ஒரு கறுப்பு ஆட்டுக்குட்டி வீட்டுக்கு வந்தது. கருப்பர் கோயிலுக்குப் போன அத்தை திரும்பும்போது இடுப்பில் வைத்துத் தூக்கி வந்தார். "எம் மகன் மலாயாவிலேருந்து உசுரோட வந்து நின்னா இந்தக் கிடாயை ஒனக்கு வெட்டுறேன்னு நேந்துக்கிட்டு வாரேன்" என்றார்.

என் வீட்டுக்காரர் அங்கே ஈப்போவில் ஒரு செட்டியாரின் கிட்டங்கியில், வட்டிக்கடையில், சமையல்காரர். ஜப்பான்காரன் உள்ளே நுழைந்ததிலிருந்து ஒரு தகவலும் இல்லை. "நடக்கிறதை எழுதி வை, வந்து வாசிச்சுக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். எழுதுகிறேன். என்ன நடக்கிறது இங்கே, எழுதுவதற்கு?

குட்டிக்குத் தாய் இல்லை. பிள்ளை பிறந்தால் பால் புகட்ட உதவும் என்று என் அம்மா சீரோடு கொடுத்த பாலாடை பரணில் கிடந்தது. எடுத்துக் கழுவினேன். இதுவாவது குடிக்கட்டும்.

ஆவணி 21

"நேந்துவிட்ட உசுருக்குப் பேரு வைக்காதத்தா. அப்பறம் மனசு கேக்காது" என்றார் அத்தை. நான் துரை என்று வைத்துவிட்டேன். கழுத்தை நிமிர்த்திக்கொண்டு கொல்லையைச் சுற்றிச் சுற்றி மேற்பார்வை பார்க்கிறதே, அதற்கு வேறு என்ன பெயர் வைப்பது?

கார்த்திகை 3

மழை விடவில்லை. உலை வைத்திருந்தபோது கொல்லைப் படல் கிறீச்சிட்டது. அவர் எந்த நாளும் வாசல் வழியாக வந்ததில்லை. கொல்லைப் படலைத் தள்ளிக்கொண்டு நேராக அடுப்படிக்கு வந்து சட்டியைத் திறந்து பார்ப்பார், சமையல்காரப் புத்தி. எழுந்து ஓடினேன்.

துரை! சொட்டச் சொட்ட நனைந்து, வாயில் பக்கத்து வீட்டு ராக்காயியின் அவரைக்கொடியோடு.

வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஆட்டைத் திட்டினேனா, வராத அவரையா? பிறகு என் பழைய சேலைத் துணியால் துவட்டிவிட்டேன். முகத்தை என் மடியில் வைத்துக்கொண்டு அசை போட்டது. அழுகை வந்தது, அழுதேன்.

1943, தை 18

சாமிக்கு உரியது சுத்தமாக இருக்க வேண்டுமாம். செவ்வாய், வெள்ளி தவறாமல் குளிப்பாட்டச் சொல்லி அத்தையின் உத்தரவு. முதல் நாள் அது உதறிய உதறலில் நான்தான் குளித்தேன். இப்போது தானாகவே கிணற்றடிக்கு வந்து கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறது. வாளி வாளியாக ஊற்றினாலும் ஒரு மயிர் அசையாது.

ஒன்றுதான் பொறுக்காது. காதில் லேசாக ஊதினால் மூக்கிலிருந்து வால்வரை சிலுப்பும். நான் தினமும் ஊதுகிறேன். வேறு யாரோடு விளையாடுவது?

மாசி 25

ராக்காயி வீட்டில் இன்று கிடா வெட்டு. மருமகன் காய்ச்சலில் பிழைத்ததற்காக நேர்ந்தது. பூசாரி கண்ணுசாமி மஞ்சள் தண்ணீரைத் தெளித்தார். கிடாய் ஒரு முறை சிலுப்பியது. "உத்தரவு வந்திருச்சு!" என்றார், குலவை போட்டார்கள். சிலுப்பாவிட்டால் அரிவாளைத் தொடமாட்டார்களாம். சாமி ஏற்கவில்லை, நேர்ந்த வீட்டில் ஏதோ குறை, கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் என்று பயப்படுவார்கள்.

வீட்டுக்கு வந்து துரையின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் வர வேண்டும், நாளைக்கே வர வேண்டும். வந்தால்? நான் எதைத்தான் கும்பிடுவது?

1944, ஆடி 9

மழையே இல்லை. கண்மாய் வெடித்துக் கிடக்கிறது. கடையில் அரிசி கிடைக்கவில்லை, கேழ்வரகுக் கூழ்தான். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். துரை மட்டும் வேலியில் ஒரு கடி, முள்ளுக்குள் ஒரு கடி, ஒரு செடியையும் மொட்டை அடிக்காமல் கிடைத்ததைத் தின்றுவிட்டு வந்து நிம்மதியாகப் படுத்துக்கொண்டான். (எப்போதிருந்து "அவன்" என்று எழுதுகிறேன்?) அவனைப் பார்த்துவிட்டுக் கூழை மிச்சமில்லாமல் குடித்தேன். வயிற்றுக்கு ஏதோ இருக்கிறது, கிணற்றில் அடியிலாவது தண்ணீர் இருக்கிறது, வாசலில் நிற்பதற்கு ஓர் உயிர் இருக்கிறது. கருப்பா, இதற்கு உனக்குக் கும்பிடு.

அவர் அங்கே என்ன குடிக்கிறாரோ.

ஆடி 30

அத்தை அவனைத் துரை என்று கூப்பிட்டதை இன்று கேட்டுவிட்டேன். நான் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

1945, ஐப்பசி 8

சண்டை முடிந்து இரண்டு மாதமாக வழியையே பார்த்துக்கொண்டிருந்தோம். இன்று திருமயத்து ஆண்டியப்பன் வந்தார். ஈப்போவில் வேறு ஒரு கிட்டங்கியில் இருந்தவர், முதல் கப்பலிலேயே வந்துவிட்டார். "ஆத்தா, ஒங்க மகன் இருக்காரு. மெலிஞ்சு போய்ட்டாரு, ஆனா நல்லா இருக்காரு. கப்பல்ல எடம் கெடைச்சதும் வந்துருவாரு."

அத்தை அந்த மனிதரின் காலில் விழப் போய்விட்டார். நான் உள்ளே ஓடி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தேன், அழுதேன், இரண்டும்தான். நாலு வருஷம்!

சாயங்காலம் வழக்கம்போலக் கண்மாய்க்கரையில் ஆலங்குழை ஒடித்து வந்து, துரை எட்டித் தின்னக் கொட்டகைக் கயிற்றில் கட்டினேன். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

1946, சித்திரை 9

வந்துவிட்டார்.

சித்திரை 15

தலை நரைத்துவிட்டது. சட்டை ஆணியில் மாட்டியது போலத் தொங்குகிறது. கேட்டதற்கு மட்டும் பதில். சட்டியைத் திறந்து பார்ப்பதில்லை. சோற்றைப் போட்டால் ஒரு பருக்கை விடாமல் வழித்துச் சாப்பிடுகிறார். எழுதி வைக்கச் சொன்ன நோட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை.

இன்று துரை அவருடைய துண்டின் நுனியை மென்றுகொண்டிருந்தான். பிடுங்கிப் பார்த்தார், விடவில்லை. வந்த பிறகு முதல் தடவையாகச் சிரித்தார்.

"இது யாரு வளர்த்தது?"

"நான்தாங்க. ஒங்களுக்காக நேந்துவிட்டது."

சிரிப்பு நின்றுவிட்டது. "விட்டுருவோமே ஆத்தா" என்றார் அத்தையிடம்.

"ஒன்னையக் கொண்டாந்து சேத்தவன் கருப்பன்டா. அவனுக்கு இல்லைங்கச் சொல்றியா?"

அத்தை சொல்வது சரி. சரியாக இருந்து என்ன?

வைகாசி 11, வெள்ளி

எழுதிவிடுகிறேன்.

கருப்பர் கோயிலில் பூசாரி கண்ணுசாமி துரைக்கு மாலை போட்டு மஞ்சள் தண்ணீரைத் தெளித்தார். துரை கண்ணை மூடிக்கொண்டு நின்றான். மறுபடியும் தெளித்தார். பிறகு குடத்தோடு ஊற்றினார். வெள்ளிக்கிழமைக் குளியல் என்று நினைத்துக்கொண்டான் என் துரை. ஒரு மயிர் அசையவில்லை.

நான்தான் பழக்கினேன். அங்கே எனக்கு மட்டுந்தான் அது தெரியும். பிழைச்சுக்கிட்டடா, பிழைச்சுக்கிட்ட என்று உள்ளுக்குள் குதித்தேன்.

அப்போது அத்தையைப் பார்த்தேன். மகனின் கையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். "என்ன கொறைன்னு சொல்லுய்யா. எம் புள்ளையத் திருப்பிக் கேக்காதய்யா..."

இனி அவர் ஒரு முறை இருமினாலும் அத்தைக்கு உயிர் போய்விடும். எனக்கும்தான். காரணம் தெரிந்திருந்தும் நானும் பயந்தேன். நாலு வருஷம் ஒவ்வொரு நாளும் கேட்டேன். கருப்பன் கொடுத்தான். வாங்கிக்கொண்டு நான் ஏமாற்றுகிறேனா? ஆட்டுக்கு என்ன தெரியும்... தெரியாதுதான், அதனால்தான் பாவம்...

போனேன். துரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். கும்பிடுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். விளையாட வந்தேன் என்று நினைத்து அவன் காதை என் வாய்ப் பக்கம் திருப்பிக் காட்டினான்.

ஊதினேன்.

மூக்கிலிருந்து வால்வரை சிலுப்பினான். மஞ்சள் தண்ணீர் என் முகமெல்லாம். "உத்தரவு வந்திருச்சு!" குலவைச் சத்தம் கோயிலைத் தூக்கியது. நான் திரும்பிப் பார்க்காமல் நடந்து வந்துவிட்டேன்.

வைகாசி 12

கறியைச் சமைத்தது அவர்தானாம். சாப்பிடவில்லையாம்.

வைகாசி 18, வெள்ளி

கிணற்றடியில் அவனுக்கும் சேர்த்துத் தண்ணீர் இறைத்துவிட்டேன். வாழைக்கு ஊற்றினேன்.

ஆனி 6

கருப்பா, நான் கேட்டது எல்லாம் இந்த வீட்டில் இருக்கிறது. குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அத்தை நன்றாகத் தூங்குகிறார். திரும்பி வந்தவர் முகத்திலும் கொஞ்சம் தெளிவு.

இன்று கண்மாய்க்கரைப் பக்கம் போனவள் கை போன போக்கில் ஆலங்குழை ஒடித்துக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. எறியவும் மனமில்லை, அடுப்படியில் வைத்தேன். பொழுது சாயும் நேரம் கொல்லைப் படல் கிறீச்சிட்டது. குழையைத் தூக்கிக்கொண்டு, "இந்தா வாரேன்டா" என்று ஓடினேன்.

அவர் நின்றுகொண்டிருந்தார். வந்த நாளிலிருந்து இன்றுதான் கொல்லை வழியாக வருகிறார்.

என் முகத்தைப் பார்த்தார், கையிலிருந்த குழையைப் பார்த்தார். அவரே கையை நீட்டிக் குழையை வாங்கினார். கொட்டகைக்குப் போய், துரைக்கு எட்டுகிற உயரத்தில் இருக்கும் அந்தக் கயிற்றிலேயே கட்டினார். பிறகு அடுப்படிக்குப் போய்ச் சட்டியைத் திறந்து, "என்ன கொழம்பு?" என்றார்.