பூஜைக்குத் தீட்டிய கத்தி

ஹட் பே, லிட்டில் அந்தமான்,
ஜூலை 9.

அன்புள்ள தம்பி யோகராஜுக்கு அக்கா தங்கம்மா எழுதுவது.

நீ விற்றுவிட்டுப் போன கத்தி என் கடைக்கே திரும்பி வந்துவிட்டது. ஜெட்டிப் பக்கம் மெஸ் நடத்திய பெங்காலிக்காரர் ஊருக்குக் கிளம்புகிறார். பழைய பாத்திரம், இரண்டு அடுப்பு, ஒரு தராசு எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் கொண்டுவந்து போட்டார். அடியில் இது கிடந்தது. "தீதி, ஏ தோ கச்ரா ஹை, ஐஸே ஹீ ரக் லோ" என்றார். குப்பையானாலும் நான் எதையும் சும்மா வாங்குவதில்லை என்று உனக்குத் தெரியும். எண்பது ரூபாய் கொடுத்தேன்.

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. இரண்டு வருஷமாக அப்படித்தான். நான் பேசிய பேச்சுக்கு நீ எடுக்காமலிருப்பதுதான் சரி. அதனால் ஈரோட்டில் உன் மில் விலாசத்துக்கு எழுதுகிறேன்.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. கப்பல் போன வாரம் வரவில்லை, தார்ப்பாய் எல்லாம் போர்ட் பிளேரிலேயே கிடக்கிறது. கடை பரவாயில்லாமல் ஓடுகிறது. உமா நர்சிங் இரண்டாம் வருஷம். மாமா நம்பர் மாறிவிட்டதா என்று கேட்டாள், இல்லை என்றேன்.

கத்தியைப் பற்றிச் சொல்கிறேன். டைவிங் சொல்லிக்கொடுக்க வந்த வெள்ளைக்காரனிடம் நீ அதைப் பழசாகத்தான் வாங்கினாய். ஆனாலும் நீ விற்றபோது அதில் முகம் பார்க்கலாம். மெஸ்ஸில் அதை என்ன பாடு படுத்தினார்களோ. முதுகில் சுத்தியல் போட்டுத் தேங்காய் பிளந்திருக்கிறார்கள். முனை அரை அங்குலம் ஒடிந்திருக்கிறது, டின் திறந்ததில் போயிருக்கும். பிடியில் ஒரு பக்கத்துப் பலகை இல்லை, சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றியிருந்தார்கள். அதைப் பிரித்தால் உள்ளே உப்புத் தண்ணீர் தேங்கி, துரு செதில் செதிலாக வந்தது.

நன்றாக்கி டூரிஸ்டுக்கு விற்றால் இரண்டாயிரம் போகும் என்ற கணக்கில்தான் ஆரம்பித்தேன். பொய் சொல்ல மாட்டேன். இரண்டு நாள் வினிகரில் போட்டேன், தேங்காய் நாரால் தேய்த்தேன், உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தேன். அது இரும்பு நிறத்துக்கு வந்ததும் லேத் பட்டறை கிருஷ்ணமூர்த்தியிடம் முனை எடுத்துத் தரக் கொண்டுபோனேன்.

அவர் அரத்தை எடுத்துப் பிடிக்குக் கிட்டே தேய்த்தார், கண்ணாடிமேல் போவதுபோல் வழுக்கியது. முன்பக்கம் ஐந்து விரல் அகலத்துக்குத் தேய்த்தார், அரம் கடித்துக்கொண்டு இறங்கியது. "தங்கம்மாக்கா, பின்னாடி பாதி கத்தி, முன்னாடி பாதி கரண்டி. எவனோ சாணை கிரைண்டர்ல காய வச்சி கொன்னுருக்கான்" என்று சிரித்தார். மெஸ்ஸில் ஏது கிரைண்டர் என்றேன். "அப்ப அதுக்கு முன்னாலயே செத்துருச்சு. தண்ணி தொடாம தேச்சா நுனி நீலம் பாயும். பாஞ்சா பதம் போச்சு, இரும்போட கெட்டித்தனம் போயிரும். புதுசாத் தீட்டுன மாதிரி பளபளன்னு இருக்கும். ஆனா ஒரு இழுப்புல நுனி மடங்கிரும், அப்புறம் கயிறுகூட அறுக்காது" என்றார்.

நீலம் பாய்ந்ததை நான் பார்த்திருக்கிறேன், தம்பி.

உன் அத்தான் சாவதற்கு முந்தின ஆயுத பூஜை. நீ போர்ட் பிளேர் போயிருந்தாய். கடையில் இருந்த அரிவாள், கோடாலி, ஸ்பேனர் எல்லாம் துடைத்து வரிசையாக வைத்தேன். உன் கத்தி மட்டும் மங்கலாக இருந்தது. பூஜையில் வைக்கிற ஆயுதம் அப்படி இருக்கக் கூடாது என்று நானே கிரைண்டரில் பிடித்தேன். நுனியில் புறாக் கழுத்து மாதிரி நீலமும் ஊதாவும் ஓடியது. அழகாக இருக்கிறதே என்று அதன்மேல்தான் சந்தனம் வைத்தேன், குங்குமம் வைத்தேன். அப்புறம் துணியில் பாலிஷ் போட்டு நிறத்தைப் போக்கினேன். நீ வந்து, "யாரு இதுல கை வச்சது" என்று கேட்டாய். "பூஜைக்குத் தீட்டுனா குத்தமா" என்று நான் சத்தம் போட்டேன். நீ கத்தியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாய்.

அடுத்த ஏப்ரலில் கடலில் டிங்கிப் படகு கவிழ்ந்தது. வலைக் கயிறு உன் அத்தான் காலில் சுற்றியது. நீ மூன்று முறை முங்கினாய். கயிற்றில் கத்தி வழுக்குகிறது என்று கரையில் நின்று சொன்னாய். நான் கேட்கவில்லை. "கையில கத்திய வச்சிக்கிட்டு ஒரு கயித்த அறுக்கத் துப்பில்லாத பய" என்றேன். அவரைச் சுடுகாட்டுக்கு எடுக்குமுன் நாலு பேர் நடுவில் சொன்னேன். நீ அடுத்த கப்பலில் போனாய்.

கிருஷ்ணமூர்த்தி பட்டறையிலிருந்து வந்து கடையைத் திறந்து வியாபாரம் பார்த்தேன். மத்தியானம் சாப்பிட்டேன். அழுகை வரவில்லை, இன்றுவரை வரவில்லை. அது ஏன் என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த நாலு பேரில் மூன்று பேர் வீட்டுக்குப் போய், கத்தியைக் கெடுத்தது நான், தம்பியைச் சொன்னது தப்பு என்று சொல்லிவிட்டேன். நாலாவது ஆள் பாலகுமார் அண்ணன். அவர் போன மாதம் தவறிவிட்டார், அவர் மனைவியிடம் சொன்னேன்.

பதம் போனது உனக்கு அப்போதே தெரியுமா? தெரிந்துதான் எனக்காக வாயை மூடிக்கொண்டு போனாயா? இதற்குப் பதில் எழுத வேண்டாம். எதுவாக இருந்தாலும் நான் தாங்க வேண்டியதுதான். மன்னித்துவிடு என்று எழுத எனக்கு வாய் கிடையாது. வேளைக்குச் சாப்பிடு. முதுகு வலிக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். நீ நன்றாக இருக்க வேண்டும், அது போதும்.

கத்தியை விற்கவில்லை. கிருஷ்ணமூர்த்தி கரி உலையில் சிவக்கக் காய்ச்சி, தேங்காய் எண்ணெயில் தோய்த்தார். பிறகு பேக்கரி அடுப்பில் இரண்டு மணி நேரம் வைத்து வைக்கோல் நிறத்துக்கு எடுத்தார். இப்போது அரம் எங்கும் வழுக்குகிறது, பதம் திரும்பிவிட்டது. கூலி ஆயிரத்து இருநூறு, கொடுத்தாகிவிட்டது. படாக் மரத்தில் பிடி போட அவரிடமே முந்நூறு பேசியிருக்கிறேன். பிடிக்கிற ஆள் நேரில் வந்து கை அளவு கொடுத்தால்தான் போட வேண்டும், எத்தனை வருஷம் ஆனாலும் அவர் விலையை ஏற்றக் கூடாது என்று சொன்னேன். சரி என்று ஒத்துக்கொண்டார்.

உன் உடன்பிறந்தவள்,
தங்கம்மா.